மூக்கையா சொன்ன சரி

சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடோனுக்கு லீவு என்று தெரிந்தபோது, தறி ஓட்டுகிற எட்டுப் பேரில் ஏழு பேருக்கு முகம் மலர்ந்தது. மூக்கையாவின் முகம் மட்டும் சுருங்கியது. தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூல் வந்து சேரவில்லை, திங்கள்கிழமைதான் வண்டி வரும். முதலாளி வாசலில் நின்று பூட்டைத் தூக்கி ஆட்டிக் காட்டினார், இரண்டு விரலை நீட்டினார், கன்னத்தில் கையை வைத்துத் தூங்குவதுபோல் தலையைச் சாய்த்தார். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

திருப்பூர்ப் பக்கம் சாமளாபுரத்து விசைத்தறிக் குடோன் ஒன்றுக்குள் ஐந்து நிமிஷம் நின்றவர்களுக்கு இந்தக் கைப்பேச்சு ஏன் என்று விளங்கும். இருபத்து நாலு தறி ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் பெற்ற தாயைத் திட்டினாலும் காதில் விழாது. கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. இரண்டு விரலைக் கோத்துப் பிரித்தால் நூல் அறுந்திருக்கிறது. வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு பானை வரைந்தால் முதலாளி வருகிறார். மூக்கையாவும் அவன் மனைவி வெள்ளையம்மாளும் எட்டயபுரத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டை விட்டுக் கிளம்பி இங்கே வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து எதிரெதிர்த் தறிதான். அவர்கள் சண்டை போட்டதும் சமாதானம் ஆனதும் பாதி விரலிலேயே நடந்திருக்கிறது.

அந்த இரைச்சலுக்குள் எல்லோரும் செவிடர்தான். அதனால் நிஜமான செவிடன் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. மூக்கையா ஒரு வருஷத்துக்கும் மேலாக அங்கே பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்தான். முதலில் குக்கர் விசில் போனது. பிறகு செல்போன் மணி, கதவு தட்டுகிற சத்தம், பால்காரர் அடிக்கிற ஹாரன். போன ஆடி மாதத்தில் வெள்ளையம்மாளின் குரலும் போய்விட்டது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல ஏதோ ஒன்று மட்டும் கிடைத்தது. அதில் சொல் எது, பெருமூச்சு எது என்று பிரிக்க முடியவில்லை.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, தறி ஓட்டுகிறவனுக்குக் காது போவது என்ன உலக அதிசயமா என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கு வெள்ளையம்மாளைத் தெரியாது. பகல் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு தறிக்கு முன்னால் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்ததும் அவளுக்கு மடை திறந்துவிடும். வெங்காயம் விலை, விடிகாலையில் கண்ட கனவு, ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் பிரியங்கா போனில் சொன்னது, சொல்லாமல் விட்டது, இருபது வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் பந்தியில் வைத்துச் சொன்ன ஒரு வார்த்தை என்று ஒன்று பாக்கி இருக்காது. ஊரில் என்றால் அக்கா தங்கச்சி நாலு பேர் உண்டு, உட்கார்ந்து கேட்பார்கள். இங்கே அவளுக்கு வாய்த்தது மூக்கையாவின் இரண்டு காதுகள்தான். அதுவும் போயிற்று என்று அவளிடம் எந்த வாயால் சொல்வான்? அவள்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். பிரியத்தைச் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன், அதனால் காதை மறைத்தான்.

மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. அவள் வாயைப் பார்த்தால் பாதி புரியும். புரியாத பாதிக்கு அவனிடம் ஒரு 'சரி' இருந்தது. லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டி 'சரி, சரி' என்றால் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேச்சு முடிந்துவிடும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். சங்கு பிரமாதம் என்று தலையாட்டுகிற செவிடனைப் பற்றி யாரும் சொல்லிவைக்கவில்லை.

சனிக்கிழமையைத் தூங்கியே கழித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வெள்ளையம்மாள் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். நீலச் சேலை, தலையில் மல்லிகைப்பூ, கையில் தூக்குவாளி.

"கெளம்புங்க. குளத்துக்குப் போவோம்" என்றாள். முகத்துக்கு நேரே சொன்னதால் இது தெளிவாகவே புரிந்தது.

"குளத்துல என்னளா இருக்கு?"

"அதைப் பாக்கத்தான் போறோம். இருவத்திமூணு வருசமா இந்த ஊர்ல கெடக்கோம். குளம் எங்கன இருக்குன்னு யாராச்சும் கேட்டா கையைக் காட்டத் தெரியும். ஒரு நாளு கரையில போயி நின்னிருக்கோமா?"

அவள் சொன்னது உண்மைதான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கே போனால் 'திருப்பூர்க்காரங்க வந்துட்டாங்க' என்பார்கள். இங்கே வந்தால் 'தெக்கத்தியாரு' என்பார்கள். இரண்டு ஊருக்கும் விருந்தாளியாகவே வயது நாற்பத்தேழு ஆகிவிட்டது. மறுத்துச் சொல்ல அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. மறுத்தால் அவள் பத்து வார்த்தை பேசுவாள், அதில் ஐந்து விளங்காது. எழுந்து குளிக்கப் போனான்.

டி.வி.எஸ் வண்டியில் போகும்போது பயமில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள் என்பது முதுகில் படுகிற மூச்சில் தெரிந்தது. ஹெல்மெட்டும் காற்றும் இருக்கும்போது நல்ல காதுள்ளவனே 'என்ன? என்ன?' என்றுதான் கேட்பான். இவனும் இரண்டு தடவை 'என்ன?' என்று கேட்டு மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டான்.

தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வெயில் இன்னும் உறைக்க ஆரம்பிக்கவில்லை. உடம்பில் பட்டால் சுகமாக இருந்தது. பஞ்சுத் தூசியிலும் டியூப்லைட்டிலுமே பகலைக் கழிக்கிற இரண்டு பேருக்கும் கண் கூசியது. குளம் நிறையத் தண்ணீர். நடுவில் முங்கி நின்ற கருவேல மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கரை நெடுக ஜனங்கள். பனியன் கம்பெனி வடக்கத்திப் பையன்கள் நாலு பேர், ஒரு போனைத் தூக்கிப் பிடித்து, எங்கோ இருக்கிற ஒரு தாய்க்கோ மனைவிக்கோ குளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். முக்காடு போட்ட ஒரு பெண் முகம் அந்தப் போனில் சிரித்தது.

வெள்ளையம்மாள் கையை நெற்றிக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய கூழைக்கடாப் பறவை இறங்குவதைப் பார்த்தாள். மூக்கையா அவளைப் பார்த்தான். பகல் வெயிலில் அவள் முகத்தை இத்தனை நேரம் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவனுக்கே கணக்குத் தெரியவில்லை. காதோரம் நரைத்திருந்தது. மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அது புதிதா, ஆதியிலிருந்தே இருக்கிறதா என்று தெரியாமல் வெட்கப்பட்டான். அழகாகத்தான் இருக்கிறாள்.

சிக்கல் உட்காரும்போது வந்தது. வேப்பமர நிழலில் அவள் துண்டை விரித்துக் குளத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். மூக்கையா அவள் முகம் தெரிகிற மாதிரி எதிரில் போய் உட்கார்ந்தான்.

"என்ன பண்ணுதிய? குளம் பாக்க வந்துட்டு அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருதிய? இங்கிட்டு வாங்க, நாலு பேரு பாத்தாச் சிரிப்பாங்க."

கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஊர் உலகத்தில் புருஷன் பெண்டாட்டி கரையில் உட்காருகிற விதமே அதுதான், தோளோடு தோள். மூக்கையாவுக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாயிற்று. அவள் வாய் இப்போது குளத்தைப் பார்த்து இருந்தது.

எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கும் நன்றாக இருந்தன. அவள் பேசிக்கொண்டே இருந்தாள் என்பது தாடை அசைவதில் தெரிந்தது. அது நிற்கும்போதெல்லாம் இவன் ஒரு 'சரி' போட்டான். நடுவில் ஒருமுறை 'அதான' என்றும் சொல்லிவைத்தான். நிலைமை அவ்வளவு மோசமில்லை, இப்படியே பொழுதை ஓட்டிவிடலாம் என்று அவனுக்குத் தைரியம் வந்தது.

அப்போது அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கீழே குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டாள். பிறகு இன்னும் ஏதோ கேட்டாள். கேள்விதான் என்பது, கேட்டுவிட்டு அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில் தெரிந்தது. ஊருக்குப் போவதைப் பற்றியோ மகளைக் கூப்பிடுவதைப் பற்றியோ இருக்கும் என்று மூக்கையா நினைத்தான். நல்ல வெயில், நல்ல சாப்பாடு, பக்கத்தில் பெண்டாட்டி. கஞ்சத்தனம் பண்ணாமல் வாய் நிறையச் சிரித்துப் பெரிதாகத் தலையாட்டினான்.

"சரி, சரி. அப்படியே செய்யி" என்றான்.

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வாளியை மூடினாள்.

முதல் பத்து நிமிஷம் மூக்கையாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தாடை அசையவில்லை, 'சரி' போட வேண்டியதில்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் சந்தேகம் வந்தது. வெள்ளையம்மாள் தொடர்ந்தாற்போல் இருபது நிமிஷம் வாய் மூடி இருந்து அவன் பார்த்ததில்லை. "அங்கன பாரு, கூழைக்கடா" என்றான். தலையை மட்டும் ஆட்டினாள். "வீட்டுக்குப் போவமா?" என்றான். தோளை மட்டும் அசைத்தாள். ஓரக்கண்ணால் பார்த்தபோது அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எதற்கோ சரி சொல்லிவிட்டோம், அது எது என்று தெரியவில்லை. திரும்பவும் கேட்கலாம். கேட்டால் குட்டு உடைந்துவிடும். கேட்காவிட்டால் என்ன உடையும் என்று தெரியவில்லை. பத்தடி பின்னால், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், அவித்த கடலை விற்கிற ஓர் அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வெள்ளையம்மாளுக்குத் தறிக்காரக் குரல். வீட்டில் ரகசியம் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அவள் கேட்டது அந்தக் கடலைக்காரி காதில் நிச்சயமாக விழுந்திருக்கும். ஆக, கரையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி, கட்டின புருஷனுக்கு மட்டும் தெரியவில்லை.

"கடலை வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்தான்.

மாரக்காள் என்கிற அந்தக் கடலைக்காரி ஏதோ கேட்டாள். எவ்வளவுக்கு என்றுதான் இருக்கும் என்று இருபது ரூபாயை நீட்டினான். அவள் அளக்கும்போது குனிந்து, குரலை அடக்குவதாக நினைத்துக்கொண்டு கேட்டான்.

"தங்கச்சி, அங்கன இருக்கிறது என் சம்சாரம். சித்த முன்னால என்கிட்ட ஒண்ணு கேட்டா. என்ன கேட்டான்னு உனக்குக் காதுல விழுந்துச்சா?"

மாரக்காள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள். ஒரு சொல் பிடிபடவில்லை. தெக்கத்தி வாயைப் பார்த்துப் பேச்சை எடுக்கத்தான் அவனுக்குத் தெரியும். கொங்கு வாய் எந்த வார்த்தையை எடுத்தாலும் கடைசியில் ஒரு 'ங்க'வில் போய் நின்றுகொள்கிறது, பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது.

"என்ன தங்கச்சி?"

மறுபடி சொன்னாள். மறுபடியும் ஒன்றும் ஆகவில்லை. மூக்கையாவுக்கு வேறு வழி இல்லை. ஒரு வருஷமாகப் பெற்ற மகளிடம் சொல்லாததை, கட்டினவளிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு கடலைக்காரியிடம் சொன்னான்.

"எனக்குக் காது கேக்காது, தங்கச்சி. வாயை நல்லாத் தொறந்து மெதுவாச் சொல்லு."

மாரக்காளின் முகம் மாறிவிட்டது. அளக்கிற டம்ளரைக் கூடையில் போட்டாள். காது கேட்காதவர்களிடம் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அக்கரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். ஆனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, கையையும் ஆட்டிக்கொண்டு கத்தினாள்.

"'நான் பேசறது உங்களுக்குச் சலிச்சுப் போச்சா? இனிமே பேசாம இருந்துக்கட்டுமா?' அப்படின்னு கேட்டாங்க அந்தக்கா! நீங்க சிரிச்சுட்டே 'சரி சரி, அப்படியே செய்யி'ன்னீங்க! ஏனுங்ணா, நல்லா இருக்குதுங்களா இது? கேட்டுட்டிருந்த எனக்கே அழுகை வந்துருச்சுங்க!"

'சலிச்சு' புரிந்தது. 'பேசாம' புரிந்தது. மிச்சத்தை நெஞ்சு புரிந்துகொண்டது. தனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தால் அவளுக்குப் பேச ஆளில்லாமல் போகுமே என்றுதான் இத்தனை நாள் மறைத்தான். மறைத்து மறைத்து, கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாதவன் என்று பேர் வாங்கிவிட்டான். போதாக்குறைக்கு, பேசாமல் இரு என்று சிரித்துக்கொண்டே சொல்லியும் விட்டான். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பினான். வெள்ளையம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மாரக்காள் போட்ட சத்தத்துக்குக் கரையே திரும்பிப் பார்த்தது, அவள் பார்க்காமல் இருப்பாளா? கடலையை வாங்கிக்கொள்ள மறந்து மூக்கையா அவளிடம் போனான்.

"ஏளா, எனக்குக் காது கேக்கல" என்றான். எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவனுக்குத் தெரியாது. வடக்கத்திப் பையன்கள் போனோடு சேர்ந்து திரும்பினார்கள்.

அவள் ஏதோ சொன்னாள். சேலைத் தலைப்பு வாயை மறைத்திருந்தது.

"துணியை எடுத்துட்டுச் சொல்லு. வாயைப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."

தலைப்பை எடுத்தாள். "எப்ப இருந்து?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. உன் குரல் ஆடியில இருந்து இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லச் சொல்லுத? என்னை விட்டா உனக்கு இங்க பேச யாரு இருக்கா? எனக்கும் கேக்கலன்னு தெரிஞ்சா நீ எங்கன போவ?"

அவள் உதடு துடித்தது. துடிக்கிற உதட்டை வாசிக்க முடியாமல் மூக்கையா தவித்தான். அதைப் புரிந்துகொண்டவள்போல அவள் கண்ணைத் துடைத்துவிட்டு அருகில் வந்தாள். பிள்ளைக்கு மருந்து புகட்டும்போது பிடிப்பதுபோல அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"ஐப்பசியில பக்கத்து வீட்டு ஜோதிகா, வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சாமானை ஏத்திக்கிட்டு ஊருக்குப் போனாளே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா, நானும்தான வேன்ல ஏத்திவிட்டேன்."

"வேன் போன பெறகு நீங்க சாப்பிட உக்காந்தீய. நான் உங்களுக்குப் பின்னால அடுப்புகிட்ட நின்னுக்கிட்டுச் சொன்னேன். பேச்சுத்தொணைக்கு இருந்த அவளும் போயிட்டா, இனிமே இந்த ஊர்ல உங்கள விட்டா எனக்கு நாதியில்லன்னு சொல்லி அழுதேன். மனசுக்குள்ள இல்ல, சத்தம் போட்டு அழுதேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. ரசத்தை ஊத்திக்கிட்டு இருந்தீய."

மூக்கையாவுக்கு அந்த ரசம் ஞாபகம் வந்தது. நல்ல ரசம், மிளகு தூக்கலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் அவள் அழுததை இப்போதுதான், இந்த வெயிலில், அவள் வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். அவனுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"கேக்கலளா."

"நெசமாவா?"

"உன்மேல சத்தியமா ஒரு சத்தம் கேக்கல. கேட்டிருந்தா சோத்துல கை வச்சிருப்பனா?"

மூன்று மாதமாக அந்த முதுகை நினைத்து நினைத்து அவள் எத்தனை தரம் வெந்திருப்பாளோ தெரியாது. அவன் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, ஓங்கி அவன் தோளில் இரண்டு அடி வைத்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. புருஷனுக்குக் காது போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள். கூடையை விட்டு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த மாரக்காளின் பக்கம் திரும்பி, கையை வீசி எதையோ கூவிச் சொன்னாள். மாரக்காள் வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னளா சொன்ன அவகிட்ட?" என்று மூக்கையா கேட்டான்.

வெள்ளையம்மாள் திரும்பினாள். வெயில் அவள் முகத்தில் விழுகிற மாதிரி ஓரடி தள்ளி நின்றுகொண்டு, அவனைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"காதுதான் கேக்கலையாம், தங்கச்சி. வேற ஒண்ணும் இல்லையாம்."